அக்னி நட்சத்திரத்தில் மந்திரப் பெட்டி: அடுப்பைக் குறைத்து ஒரு மாலை விருந்து

மாதச் சந்தா கட்டினால் வீட்டு வாசலுக்கு ஒரு பெட்டி வரும். உள்ளே வாசனை மெழுகுவத்தி, இரண்டு மூன்று கற்கள், காய்ந்த மூலிகைப் பொட்டலம், ஊதுவத்தி, ஒரு குப்பி எண்ணெய், சில சமயம் குறி பார்க்கும் டாரட் அட்டைகள், கூடவே இதையெல்லாம் என்ன செய்வது என்று ஒரு குட்டிப் புத்தகம். விட்ச் பாக்ஸ் என்கிறார்கள். லீவுக்கு ஊருக்கு வரும் பிள்ளைகள் இதை ஆர்டர் போட்டுவிட்டு, பிரிக்கும் நாளில் நாலு பேரைக் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டால் சாப்பாடு போட வேண்டும். மே மாதத்தில் தஞ்சாவூர் ஜில்லாவில் அடுப்படியில் நிற்பது லேசான காரியமா? பெட்டியும் புதிது, கோடைச் சமையலும் புதிது என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இதெல்லாம் பலிக்குமா என்று என்னைக் கேட்காதீர்கள். நம்புகிறவர்களோடு எனக்கு வம்பில்லை, நானாக எதையும் எதிர்பார்ப்பதுமில்லை. என் கவலை வேறு. இந்தப் பெட்டிகள் குளிர்தேசத்து நாட்காட்டியை வைத்துச் செய்யப்படுபவை. அப்படியே கொண்டுவந்து திருவையாற்று மொட்டை மாடியில் பிரித்தால் பாதி உருகும், மீதி பொருந்தாது. நம் வெயிலுக்குத் தக்கபடி அதை வளைத்துக்கொள்ள வேண்டும்.

எந்த மாதம் வாங்குவது

இங்கிலாந்தில் 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டத்தை 1951இல் நீக்கினார்கள். அதற்குப் பிறகு ஜெரால்ட் கார்ட்னர் போன்றவர்கள் வெளிப்படையாக எழுதியும் பேசியும் விக்கா என்ற புதிய சமயத்தைப் பரப்பினார்கள். அவர்கள் வழியில் வருடத்துக்கு எட்டுப் பண்டிகை. பெட்டிக்காரர்கள் பெரும்பாலும் அந்த எட்டையும் பௌர்ணமிகளையும் வைத்துத்தான் பெட்டிக்குப் பெயர் சூட்டுகிறார்கள்.

மே 1ஆம் தேதி பெல்டேன். குளிர் விட்டு வசந்தம் வந்ததற்கு நெருப்பு மூட்டிக் கொண்டாடுவது அவர்கள் வழக்கம். நமக்கு அடுத்த மூன்று நாளில் அக்னி நட்சத்திரம் பிறக்கிறது. யாராவது சொக்கப்பனை கொளுத்துவார்களா? ஜூன் 21ஐ ஒட்டி வருவது லிதா, கோடைக் கதிர்த்திருப்பம், அதாவது வருடத்திலேயே நீண்ட பகல். லண்டனில் அன்று பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல் நீளும். தஞ்சாவூரில் ஏறக்குறைய பன்னிரண்டே முக்கால் மணி நேரம்தான். சூரியன் நம் உச்சிக்கு நேர் மேலே வருவதோ ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் பின்பாதியிலும். ஆக, லிதா பெட்டியில் வரும் சூரிய வழிபாட்டுச் சமாச்சாரங்களுக்கு நம் ஊர் வானத்தோடு அவ்வளவாகச் சம்பந்தம் இல்லை.

ஆகஸ்ட் 1இல் வரும் லாமஸ் மட்டும் அழகாக வந்து ஒட்டுகிறது. அது அங்கே முதல் அறுப்பின் ரொட்டிப் பண்டிகை. மறுநாளோ அதற்கு மறுநாளோ நமக்குப் பதினெட்டாம் பெருக்கு. ஒரே ஒரு பெட்டிதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் இதை வாங்குங்கள். வெயிலும் சற்று இறங்கியிருக்கும், ஆற்றில் தண்ணீரும் இருக்கும், படிக்கரைக்குக் கட்டும் எலுமிச்சை சாதமும் தேங்காய் சாதமும் விருந்தாகிவிடும்.

பள்ளி விடுமுறை மேயில்தான், பிள்ளைகள் அப்போதுதான் கூடுவார்கள் என்றால் சரி, மேயிலேயே வாங்குங்கள். மெழுகுவத்தி இல்லாத பெட்டியாகப் பாருங்கள். சோயா மெழுகு ஐம்பது டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகிவிடும். மூடிய கூரியர் வண்டி மத்தியான வெயிலில் நின்றால் உள்ளே அந்தச் சூடு சுலபமாக ஏறும். பெட்டி வரும்போது மெழுகு வழிந்து அட்டைகளோடு ஒட்டிக்கொண்டு வரும்.

பணம் கட்டும் முன்

உள்நாட்டுப் பெட்டியா, வெளிநாட்டுப் பெட்டியா என்று முதலில் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்க வரி உண்டு. காய்ந்த இலை, விதை, வேர் போன்ற தாவரப் பொருள்களுக்கு 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை பொருந்தும். உரிய சான்று இல்லாமல் வந்தால் துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ நிறுத்தி வைக்கலாம். முதல் தடவைக்கு உள்நாட்டுப் பெட்டியே போதும்.

‘ஒரு மாதம் மட்டும்’ என்ற வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் சந்தாதான் கிடைக்கும். ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படித் தானாக எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் உங்களுக்குத் தகவல் வர வேண்டும். 15,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால் ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்கமாட்டார்கள், ஆகவே அந்த எஸ்எம்எஸ்ஸை விளம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள். சந்தாவை நிறுத்தும் வழியை ஒளித்து வைப்பதை ‘சந்தாப் பொறி’ என்று வகைப்படுத்தி, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் தடை செய்திருக்கிறது. இழுத்தடித்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

சர்க்கரை வியாதி போகும், குழந்தை பிறக்கும் என்று விளம்பரம் செய்யும் பெட்டி பக்கமே போக வேண்டாம். மந்திரத்தால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படி எழுதுகிறவர் உள்ளே என்ன வைத்து அனுப்புவார் என்று யாருக்குத் தெரியும்?

பெட்டி வந்ததும்

பெரியவர்கள் இருக்கும் வீடென்றால் ஒளித்து வைக்காமல் அவர்கள் முன்னாலேயே பிரியுங்கள். “அத்தை, இது வெறும் கடைச் சாமான்தான், வாங்க, நீங்களும் பாருங்க” என்று கூப்பிட்டால் போதும். அலமாரிக்குப் பின்னால் கறுப்பு மெழுகுவத்தியும் ஊசி குத்திய துணிப்பொம்மையும் அகப்பட்டால்தான் ரகளை. இன்னொன்று: புத்தகத்தில் எலுமிச்சம்பழத்தை வெட்டி வாசலில் வை என்று இருந்தால் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுங்கள். நம் தெருவில் வெட்டிய எலுமிச்சைக்கு வேறு அர்த்தம் உண்டு. காலையில் எதிர்வீட்டுக்காரர் மிதித்துவிட்டால் சண்டை நிச்சயம். விளையாட்டுக்குக்கூட யாரையும் சூனியக்காரி என்று சுட்ட வேண்டாம். இந்தப் பழியால் பெண்களை அடித்துக் கொன்றதால்தான் பீகார் 1999இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது.

இப்போது பொருள்களைப் பிரியுங்கள். ஒரே விதிதான்: உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க எண் அச்சிடாத எதுவும் அடுப்படிக்குள் போகக்கூடாது. ‘டீ’ என்றே எழுதியிருந்தாலும் சரி.

இதில் அதிகம் பேர் ஏமாறுவது பிளாக் சால்ட்டில். வடநாட்டுச் சாட் மசாலாவில் போடும் கறுப்பு உப்பு என்று நினைத்து மோரில் போட்டுவிடுவார்கள். மந்திரப் பெட்டியில் வரும் கறுப்பு உப்பு, உப்போடு கரித்தூளையோ சாம்பலையோ கலந்தது. சிலர் இரும்புச் சட்டியில் சுரண்டிய கரியையும் சேர்ப்பார்கள். வாயில் வைக்கும் சாமானே இல்லை. சடங்குக்கு உப்பு வேண்டுமென்றால் வேதாரண்யம் கல்லுப்பில் ஒரு பிடி எடுத்துக்கொள்ளுங்கள், மிச்சம் ஊறுகாய்க்கு ஆகும்.

அடுத்தது கற்கள். கல்லைத் தண்ணீரில் போட்டு அந்தத் தண்ணீரைக் குடி என்று புத்தகம் சொல்லும். செய்யாதீர்கள். மாலகைட்டில் செம்பு இருக்கிறது, கலீனாவில் ஈயம், சின்னபாரில் பாதரசம். வெள்ளையாகப் பளபளக்கும் செலனைட் ஜிப்சம் வகை, தண்ணீர் பட்டால் மேற்பரப்பு கரையும். ஊதா நிற அமெதிஸ்ட்டை வெயிலில் காயவைத்தால் நாளாவட்டத்தில் நிறம் மங்கும். கண்ணாடிக் கோளம் வந்திருந்தால் ஜன்னலோரம் வைக்கவே வேண்டாம். வெயிலை ஒரே புள்ளியில் குவித்துத் துணியைப் பற்றவைத்துவிடும்.

மூலிகைப் பொட்டலத்தில் மக்வர்ட் என்றிருப்பது நம் மரிக்கொழுந்தின் குடும்பம். தலையில் வைத்துக்கொள்ளும் வாசனைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை, குடிக்கத்தான் கூடாது, குறிப்பாகக் கர்ப்பிணிகள். ரூ என்பது அருவதா. அதுவும் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. பென்னிராயல் என்பது ஒரு புதினா வகை, அதன் எண்ணெய் கல்லீரலையே கெடுக்கும் விஷம். பே லீஃப் என்று வருவதும் நம் பிரியாணிக்குப் போடும் பிரிஞ்சி இலையும் வேறு வேறு மரம். பேசில் மட்டும் நமக்கு நெருங்கின சொந்தம்: கொல்லையில் இருக்கும் திருநீற்றுப்பச்சிலையேதான். அதன் விதைதான் சர்பத்தில் போடும் சப்ஜா. அந்தப் பொட்டலத்துக்குப் பதில் மளிகைக் கடையில் சப்ஜா வாங்கி, ஒரு தேக்கரண்டி எடுத்துத் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவிட்டு நன்னாரி சர்பத்தில் போடுங்கள்.

சமையல்: காலை எட்டுக்குள் அடுப்பு அணைய வேண்டும்

எட்டுப் பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுப்பில் ஏற வேண்டியது சோறு, ஒரு தாளிப்பு, கொஞ்சம் வற்றல் பொரிப்பு. மற்றதெல்லாம் பச்சையாகவே ஆகும். முதல் நாள் இரவே தயிர் உறை ஊற்றுங்கள். மேயில் நாலைந்து மணி நேரத்தில் தோய்ந்துவிடும், தோய்ந்ததும் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். விட்டால் விடிவதற்குள் புளித்து நுரைத்துவிடும்.

மண்பானையில் குடிநீர் நிரப்பி, அலசிய வெட்டிவேர் ஒரு சிறு கட்டைப் போடுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை எடுத்து வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடலாம்.

தயிர்சாதத்துக்கு இரண்டு ஆழாக்குப் பச்சரிசி, எட்டு ஆழாக்குத் தண்ணீர். குழைய வேகட்டும். சூட்டோடு சூடாக மத்தால் மசித்து, காய்ச்சிய பால் மூன்று ஆழாக்கு விட்டுக் கிளறி ஆறவையுங்கள். கை பொறுக்கும் சூடு வந்ததும் தயிர் நாலைந்து கரண்டிதான். பாலிலேயே உறைந்து மாலை ஏழு மணிக்குப் பதமாக இருக்கும். ஆரம்பத்திலேயே தயிரைக் கொட்டினால் சாயங்காலம் புளிப்பு தலைக்கேறும். கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். உப்பைப் பரிமாறும் முன்தான் போட வேண்டும். மாதுளை முத்து, திராட்சை எல்லாம் கல்யாண வீட்டு அலங்காரம். எனக்குப் பிடிக்காது, உங்களுக்குப் பிடித்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

தொட்டுக்கொள்ளத் தஞ்சாவூர்க் குடமிளகாய் மோர்மிளகாய். குண்டாக, குட்டைக் காம்போடு இருக்கும். இதைப் பொரிப்பதுதான் இந்த விருந்திலேயே கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டிய வேலை. எண்ணெய் புகையக் கூடாது. நடுத்தரச் சூட்டில் ஒரு மிளகாயைப் போட்டால் முதலில் சும்மா கிடக்கும், பிறகு மெல்ல உப்பும், வெளிர்மஞ்சள் தேன்நிறமாக மாறும், அங்கிருந்து காபிக்கொட்டை நிறத்துக்கு இரண்டு மூன்று நொடியில் தாவிவிடும். அந்தத் தாவலுக்கு முன்பே வடிகரண்டியில் அள்ளிவிட வேண்டும், எடுத்த பிறகும் உள்சூட்டில் கறுக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், நெடி தும்மலை வரவழைக்கும். அதே எண்ணெயில் மணத்தக்காளி வற்றலையும் பொரித்து எடுத்துவிட்டு அடுப்பை அணைத்துவிடுங்கள்.

கோசுமல்லிக்கு அடுப்பே வேண்டாம். ஒரு ஆழாக்குப் பாசிப்பருப்பை முக்கால் மணி நேரம் ஊறவையுங்கள். நகத்தால் கிள்ளினால் உடைய வேண்டும், நசுங்கக் கூடாது. தண்ணீரைச் சுத்தமாக வடித்து, பிஞ்சு வெள்ளரி நாலைந்தைப் பொடியாக நறுக்கிச் சேர்த்து, தேங்காய்த் துருவல், பச்சை மிளகாய், கொஞ்சம் துருவிய கிளிமூக்கு மாங்காய். எலுமிச்சையும் உப்பும் இலையில் போடுவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால்தான். முன்பே போட்டால் வெள்ளரி தண்ணீர் விட்டு எல்லாம் குழம்பாகிவிடும்.

நீர்மோருக்கு ஒரு பங்கு தயிர், நாலு பங்கு தண்ணீர். இஞ்சி, பச்சை மிளகாய், கொத்தமல்லியைக் கல்லுரலில் ஒன்றிரண்டாக நசுக்கிப் போட்டு, பெருங்காயம் ஒரு சிட்டிகை, நார்த்தை இலை இரண்டைக் கிழித்துப் போடுங்கள். பானகத்துக்கு நூறு கிராம் வெல்லம், முக்கால் லிட்டர் தண்ணீர், ஒரு எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய், உப்பு ஒரே ஒரு கல். வெல்லத்தைக் கரைத்து வடிகட்ட மறக்காதீர்கள், அடியில் மண் இருக்கும். எட்டுப் பேருக்கு இதை இரட்டிப்பாகச் செய்ய வேண்டும். நுங்கும் வெள்ளரிப்பழமும் அன்றன்றைக்கு வாங்க வேண்டியவை. வெள்ளரிப்பழம் தோல் வெடித்து மாவாக இருந்தால் சரியான பதம். கரண்டியால் உதிர்த்து நாட்டுச் சர்க்கரை தூவினால் இனிப்புப் பலகாரம் தனியாகத் தேவைப்படாது.

பெட்டியில் சமையல் குறிப்பு அட்டை ஏதாவது வந்திருக்கும். ‘சன் டீ’ என்றால், தேயிலையையும் தண்ணீரையும் கண்ணாடிக் குடுவையில் போட்டு வெயிலில் நாலு மணி நேரம் வைப்பது. நம் வெயிலுக்கு ஜோராக வரும் என்று தோன்றும். ஆனால் அந்தச் சூடு கிருமியைக் கொல்லப் போதாது, அது பெருகத்தான் வசதி. அதே குடுவையைக் குளிர்பெட்டியில் ஆறு மணி நேரம் வையுங்கள், கசப்பில்லாத குளிர்ந்த தேநீர் கிடைக்கும். நிலா வெளிச்சத்தில் தண்ணீர் வைக்கச் சொன்னால் மூடி போட்டு வையுங்கள். கொசு முட்டையிடாத தண்ணீர் நம் ஊரில் மூடிய தண்ணீர்தான்.

மாலை

ஆறரை மணிக்கு மேல் கடல்காற்று ஏறட்டும், அப்புறம் தொடங்குங்கள். முற்றமோ மொட்டை மாடியோ நல்லது. கூடத்தில் உட்கார்ந்தால் மின்விசிறிக்கும் மெழுகுவத்திக்கும் ஒத்துவராது. விசிறி ஓடினால் சுடர் அணையும், அணையாவிட்டால் ஒரு பக்கமாக வழியும். விசிறியை நிறுத்தினால் பத்தே நிமிஷத்தில் விருந்தாளிகள் எழுந்து போய்விடுவார்கள். மாடியில் அகலமான கண்ணாடிக் குவளைக்குள் வைத்து ஏற்றுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: கீற்றுப் பந்தலுக்கு அடியில் எந்த நெருப்பும் வேண்டாம். மேயில் கீற்று சருகாகக் கிடக்கும். பக்கத்தில் வைக்கோல் போர் இருந்தால் ஊதுவத்திகூட வேண்டாம். பெட்டியில் கரிவில்லையும் குங்கிலியமும் வந்திருந்தால் மண் தூபக்காலில் மணல் போட்டு அதன் மேல் வைத்து, திறந்த வெளியில் மட்டும் ஏற்றுங்கள். கரிப்புகை மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து. ஒயிட் சேஜ் கட்டு என்று ஒன்று வரலாம். தென் கலிஃபோர்னியா பக்கத்துச் செடி, அங்குள்ள பழங்குடிகள் புனிதமாக வைத்திருப்பது, காட்டிலிருந்து திருட்டுத்தனமாக வெட்டுவதும் நடக்கிறது. சாம்பிராணி இருக்கும் வீட்டில் அதை வாங்குவானேன் என்பது என் கட்சி.

முதலில் பானகம் கொடுங்கள். அட்டைகள் இருந்தால் பிறகு எடுங்கள். முழு டாரட் கட்டில் 78 அட்டை. 22 பெரிய அட்டை, 56 சின்ன அட்டை. புதியவர்கள் ஒருவருக்கு ஒரு அட்டை என்று எடுத்து, அதிலிருக்கும் படத்தைப் பார்த்து மனதில் பட்டதைச் சொன்னால் போதும், புத்தகத்து அர்த்தத்தைப் பிறகு படிக்கலாம். மரண அட்டை வந்தால் பாட்டி பயப்படுவார், அதை முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுவதில் தப்பில்லை. எட்டு மணிக்கு இலை போட்டுவிடுங்கள். அதற்கு மேல் இழுத்தால் தயிர்சாதம் இறுகும், பிள்ளைகளும் தூங்கிவிடுவார்கள்.

மறுநாள்

மிஞ்சிய மெழுகு, உப்பு, இலைகளை ஓடும் தண்ணீரில் விடு என்று புத்தகம் சொல்லும். மேயில் காவிரி மணலாகக் கிடக்கும், மேட்டூரை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. தண்ணீர் வந்த பிறகும் வாய்க்காலில் போட வேண்டாம், அது நாற்றங்காலுக்குப் போகும். இலைகளைச் செடிக்கு எருவாகப் போடலாம், உப்பும் உப்பு கலந்த கரித்தூளும் செடிக்கு ஆகாது, அதைக் குப்பைக்குக் கட்டுங்கள். மெழுகை ஒரு தகரத்தில் சேர்த்து வைத்தால் மின்தடை நாளுக்கு உதவும்.

மசிக்காத சோறு மிஞ்சியிருந்தால் இரவிலேயே, அது ஆறியவுடன், மூழ்கத் தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் வைத்திருப்பீர்கள் அல்லவா. மாப்பிள்ளைச் சம்பா போன்ற புழுங்கலரிசியில் பழையது இன்னும் நன்றாக வரும். கோடையில் விடிந்ததும் சாப்பிட்டுவிட வேண்டும். வழக்கமான புளிவாசனையை விட்டு வேறு வாடை வந்தாலோ பிசுபிசுத்தாலோ மாட்டுக்கு வைத்துவிடுங்கள். சின்ன வெங்காயம், மிஞ்சிய மோர்மிளகாய், ஒரு மாவடு. சாப்பிட்டு முடித்த கையோடு கைபேசியை எடுத்து, சந்தாவின் அடுத்த பில் தேதி என்ன என்று பாருங்கள். பெட்டி பிடித்திருந்தால் ஆடி வரை சந்தாவை ‘பாஸ்’ போட்டு நிறுத்தி வையுங்கள், பிடிக்கவில்லை என்றால் ரத்து செய்துவிட்டு, ரத்தானதற்கான மின்னஞ்சல் வந்ததா என்று பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.